அமெதிஸ்ட் கொடுத்தால் காதல் வருமா? வீடியோ கேம் காதலுக்கு ஓர் அறிமுகம்

'ஸ்டார்ட்யூ வேலி' என்ற கேமில் அபிகெயில் என்றொரு பெண் இருக்கிறாள். ஊதா நிறத் தலைமுடி, ஊர்க் கடைக்காரர் பியரின் மகள். அவளுக்கு அமெதிஸ்ட் கல் என்றால் உயிர். ஊருக்கு வடக்கே இருக்கும் சுரங்கத்தில் இறங்கிப் பாறையை உடைத்தால் அந்தக் கல் கிடைக்கும். ஒரு கல் கொடுத்தால் 80 பாயிண்ட். ஒரு நாள் நின்று பேசினால் 20 பாயிண்ட். வாரத்துக்கு இரண்டு பரிசுக்கு மேல் வாங்கிக்கொள்ள மாட்டாள். 250 பாயிண்ட் சேர்ந்தால் ஓர் இதயம் நிறையும். எட்டு இதயம் நிறைந்ததும் அவள் அப்பா கடையிலேயே 200 காசுக்கு ஒரு பூங்கொத்து வாங்கி அவளிடம் நீட்டினால் இருவரும் காதலர்கள். பத்து இதயம் ஆனதும், மழை நாளில் கடற்கரையில் வந்து நிற்கும் கிழட்டு மாலுமியிடம் 5000 காசுக்கு ஒரு பதக்கம் வாங்கிக் கொடுத்தால் கல்யாணம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் இரண்டு கல், தினமும் ஒரு பேச்சு என்றால் வாரத்துக்கு 300 பாயிண்ட். ஏழு வாரத்துக்குள் பூங்கொத்து கொடுக்கும் இடத்துக்கு வந்துவிடலாம். இத்தனை கல்லையும் வாங்கி இவள் என்னதான் செய்கிறாள், தின்கிறாளா என்று விளையாடுபவர்கள் கேலி செய்வது வழக்கம்.

எழுத்தில் பார்த்தால் அபத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் எரிக் பரோன் என்ற ஒருவர் தனியாளாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து உருவாக்கி 2016 பிப்ரவரியில் வெளியிட்ட இந்த கேமை விளையாடியவர்கள், அந்தக் குட்டி ஊரில் யாரைக் கட்டிக்கொள்வது என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். பெனி நல்லவளா, ஹேலி திமிர் பிடித்தவளா, செபாஸ்டியனுக்கு ஏன் இத்தனை கிராக்கி என்று நீளும் சண்டை. சுரங்கத்துக் கல்லுக்கும் பாயிண்டுக்கும் மேலே வேறு ஏதோ நடக்கிறது என்பது அதிலேயே தெரிகிறது. அது என்ன, எந்த கேமில் நடக்கிறது, எதில் நடக்காமல் போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. கேம் அதிகம் விளையாடாதவர்களும் படிக்கலாம். சில கதைகளின் முடிச்சுகளை அவிழ்த்துத்தான் பேச வேண்டியிருக்கும், அதற்கு மட்டும் தயாராக இருங்கள்.

முதலில் வகைகளைச் சொல்லிவிடுகிறேன். காதலிப்பதே வேலையாக உள்ள கேம்கள் ஒரு வகை. இவற்றை டேட்டிங் சிம் என்பார்கள். ஜப்பானில்தான் இவை வேரூன்றின. பெண்களை மனதில் வைத்துச் செய்யப்படும் காதல் கேம்களுக்கு அங்கே ஓட்டோமே என்று பெயர். இரண்டாவது வகையில், சண்டையோ விவசாயமோ விண்வெளிப் பயணமோ பிரதானமாக இருக்கும், அதற்குள் ஒரு கிளையாகக் காதல் வரும். யாரைக் காதலிப்பது, காதலிக்கத்தான் வேண்டுமா என்பதை விளையாடுபவரே முடிவு செய்வார். மூன்றாவது வகையில் நமக்குத் தேர்வே கிடையாது. 2001-இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டசி 10'-இல் டீடஸ், யூனா என்ற இருவரும் காதலிப்பார்கள், நாம் கூடவே போய்ப் பார்ப்போம். சினிமாவுக்குப் பக்கத்தில் நிற்கும் இந்த மூன்றாவது வகையை இங்கே விட்டுவிடுகிறேன். நம் கையிலும் கொஞ்சம் பொறுப்பு இருக்கும் கேம்களில்தான் சிக்கலும் சுவாரசியமும்.

பாயிண்ட் சேர்க்கும் முறை புதிதல்ல. கொனாமி நிறுவனம் 1994-இல் ஜப்பானில் வெளியிட்ட 'டோக்கிமெக்கி மெமோரியல்' அதைப் பெரிய அளவில் நிலைநாட்டியது. நீங்கள் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவன். மூன்று ஆண்டுகள். படிப்பு, விளையாட்டு, கலை என்று எதற்கு நேரம் ஒதுக்குகிறீர்களோ அதற்கேற்ப உங்கள் தகுதிகள் ஏறும், இறங்கும். கடைசி நாளில் பள்ளி வளாகத்தில் இருக்கும் ஒரு மரத்தடியில் ஒரு பெண் வந்து காதலைச் சொன்னால் வெற்றி. பக்கத்து வீட்டுத் தோழி ஷியோரி ஃபுஜிசாகியைக் கவர வேண்டுமானால் கிட்டத்தட்ட எல்லாத் துறையிலும் தேறியிருக்க வேண்டும். இதில் ஒரு கில்லாடித்தனம் உண்டு. ஒரு பெண்ணையே சுற்றிக்கொண்டு மற்றவர்களைக் கண்டுகொள்ளாமல் விட்டால், ஒதுக்கப்பட்டவளின் பெயருக்குப் பக்கத்தில் வெடிகுண்டு படம் தோன்றும். அவளைச் சமாதானப்படுத்தாவிட்டால் குண்டு வெடிக்கும். ஊரெல்லாம் பேச்சாகி, எல்லாப் பெண்களிடமும் உங்கள் மதிப்பு சரியும். அதே ஆண்டு கோயெய் நிறுவனத்தின் 'ஆஞ்சலீக்' வந்தது. ஓட்டோமே வகையின் முதல் கேமாக அதைத்தான் சொல்கிறார்கள்.

ஏன் இந்த எண்ணிக்கை? கம்ப்யூட்டருக்கு எண்ணத்தான் தெரியும். உங்கள் மீது ஒரு கதாபாத்திரத்துக்கு எவ்வளவு பிரியம் என்பதை எங்காவது எண்ணாக வைத்திருந்தால்தான் அடுத்த காட்சியைக் காட்டலாமா வேண்டாமா என்று அது முடிவு செய்ய முடியும். இங்கே நான் பேசப்போகும் நல்ல காதல் கேம்கள் பலவற்றிலும் உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

தொல்லை எங்கே வருகிறது என்றால், அந்தக் கணக்கைத் தவிர வேறொன்றும் இல்லாதபோது. அப்போது காதல் மொய் நோட்டு ஆகிவிடுகிறது. இவ்வளவு எழுதினேன், இவ்வளவு திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் விளையாடுபவருக்குக் கோபம் வரும். எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. 2007-இல் வந்த முதல் 'விட்சர்' கேம் இதன் உச்சம். அதில் கதாநாயகன் கெரால்ட் ஒரு பெண்ணோடு படுக்கையைப் பகிர்ந்தால் அவள் படம் போட்ட அட்டை ஒன்று கிடைக்கும். அட்டைகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம். பிறகு வந்த பாகங்களில் அந்த அட்டைகள் இல்லை, நல்லவேளை. அந்தத் தொடரின் மூன்றாம் பாகம் எங்கே போய் நின்றது என்பதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

ஸ்டார்ட்யூ வேலிக்கே திரும்பினால், அதே பாயிண்ட் முறையை வைத்துக்கொண்டு அது செய்யும் வேறொரு காரியம் தெரியும். ஷேன் என்று ஒருவன். ஜோஜா மார்ட் என்ற பெரிய கடையில் அலமாரி அடுக்கும் வேலை. அத்தை மார்னியின் பண்ணையில் ஓர் அறையில் ஒண்டிக்கொண்டிருக்கிறான். முதல் தடவை போய்ப் பேசினால், உன்னை எனக்குத் தெரியாது, ஏன் என்னிடம் வந்து பேசுகிறாய் என்கிற தோரணையில்தான் பதில் வரும். பரிசு கொடுத்துக் கொடுத்து இரண்டு இதயம் சேர்ந்தால், இரவில் தண்ணீர்க்கரைப் பலகை மேல் உட்கார்ந்திருப்பவன் ஒரு பீரை நீட்டுவான். ஆறு இதயம் வந்த பிறகு ஒரு மழை நாளில் காட்டுப் பக்கம் போனால், பாறை விளிம்பில் காலி டப்பாக்களுக்கு நடுவே விழுந்து கிடக்கிறான். வாழ்வதில் அர்த்தமில்லை என்று பேசுகிறான். நாம் ஏதாவது சொல்லியாக வேண்டும். நான்கு பதில்கள் திரையில் வரும். இதுவரை காய்கறி பயிரிட்டு, மீன் பிடித்து, நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த கேமில் அந்த இடம் தூக்கிவாரிப் போடும். பிறகு மருத்துவமனை. ஒரு கவுன்சலரைப் பார்க்கலாம் என்று டாக்டர் பேச்சை எடுக்கிறார்.

கவனியுங்கள், ஷேனின் குடிக்குக் காரணம் நாம் இல்லை. நாம் அந்த ஊருக்கு வருவதற்கு முன்பே அவன் வாழ்க்கை கோணலாகிவிட்டது. அவனுக்கென்று ஒரு வேலை, ஒரு கடன்பட்ட உணர்வு, ஜாஸ் என்ற சிறுமியின் பொறுப்பு எல்லாம் இருக்கின்றன. நாம் போகாவிட்டாலும் அவன் நாள் ஓடும். காதல் கேமில் முதலில் தேட வேண்டியது இதைத்தான் என்பேன். நாம் திரையை விட்டு நகர்ந்த பிறகும் அந்த ஆளுக்கு ஒரு வாழ்க்கை தொடர்கிறது என்று நம்ப முடிகிறதா? நம்ப முடிந்தால் பாயிண்ட் கணக்கு கண்ணிலிருந்து மறைந்துவிடும். கேம் வந்த புதிதில் ஷேனைக் கல்யாணம் செய்துகொள்ளவே முடியாது. அவனும் எமிலியும் 2016-இன் பிற்பகுதியில் வந்த புதுப்பிப்பில்தான் வரன் பட்டியலில் சேர்ந்தார்கள்.

இந்த கேமின் பலவீனம் கல்யாணத்துக்குப் பிறகு வருகிறது. அதுவரை தனக்கென்று ஒரு சிந்தனையோடு இருந்தவர், தாலி ஏறியதும் சமையலறையில் நின்றபடி, இன்று செடிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றிவிட்டேன் என்று சொல்பவராக மாறிவிடுகிறார். பெரும்பாலான கேம்களுக்கு இதே வியாதிதான். துரத்துவதை அழகாக எழுதுகிறார்கள், சேர்ந்து வாழ்வதை எழுதத் தெரியவில்லை.

அடுத்தது கூட இருக்கும் நேரம். பரிசை விட இது வலுவானது. 'மாஸ் எஃபெக்ட்' என்ற விண்வெளித் தொடர் 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வந்தது. நாம் கமாண்டர் ஷெப்பர்ட். ஆணாகவும் விளையாடலாம், பெண்ணாகவும் விளையாடலாம். கப்பலில் கேரஸ் என்று ஒரு வேற்றுக்கிரகவாசி இருக்கிறான். முன்னாள் போலீஸ்காரன். தாடைக்குப் பதிலாக இரண்டு பக்கமும் அசையும் தகடுகள், பறவைக்கும் ஓணானுக்கும் இடைப்பட்ட ஒரு முகம். அழகன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் பாகத்தில் அவனைக் காதலிக்கும் வழியே வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு சண்டையிலும் பக்கத்தில் நின்று சுட்டவன், லிஃப்டில் வரும்போது பேச்சுக் கொடுத்தவன். பல மணி நேரம் அப்படி ஓடிய பிறகு, விளையாடியவர்களில் ஒரு கூட்டமே அவன் மேல் கிறங்கிப்போய்க் கிடந்தது. இரண்டாம் பாகத்தில் பெண் ஷெப்பர்டுக்கு அவன் காதலனாகும் வழியைத் திறந்துவிட்டார்கள்.

அந்தப் பாகத்தில் அவனிடம் போய்ப் பேச முயன்றால், பாதி நேரம் பீரங்கியைச் சரிசெய்து கொண்டிருக்கிறேன், அப்புறம் பேசலாமா என்று திருப்பி அனுப்பிவிடுவான். இன்றைக்கும் ரசிகர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எழுதுவதற்கு வேறு வசனம் இல்லாததால் வைத்த தடுப்புதான் அது, ஆனால் வேலையில் மூழ்கிய மனிதன் என்ற எண்ணத்தை அதுவே கொடுத்துவிட்டது. கடைசிப் போருக்கு முந்தைய இரவில் ஒரு மது பாட்டிலோடு ஷெப்பர்டின் அறைக்கு வருகிறான். உளறுகிறான். வீரன், குறிதவறாத ஸ்னைப்பர், அறைக்குள் வந்ததும் கை கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கிறான். மூன்றாம் பாகத்தில், நகரத்துக்கு மேலே தடை செய்யப்பட்ட ஓர் உயரத்தில் இருவரும் பாட்டில்களை எறிந்து சுட்டு விளையாடும் காட்சி வரும். யார் நல்ல குறிகாரர் என்ற பந்தயம். உங்கள் முறை வரும்போது இரண்டே வாய்ப்பு: சரியாகச் சுடலாம், வேண்டுமென்றே தவறவிடலாம். தவறவிட்டால் கேரஸ் துள்ளிக் குதித்துப் பெருமையடித்துக் கொள்வான். அந்தத் தேர்வால் கதையில் பெரிதாக எதுவும் மாறாது. ஆனால் அந்த பட்டனை அழுத்தும் ஒரு நொடியில் அவனோடு நமக்கு என்ன உறவு என்பது நமக்கே புரிந்துவிடும். எனக்குத் தெரிந்து கேம்களில் வரும் காதல் காட்சிகளில் இதற்குப் பக்கத்தில் வைக்கச் சிலவே உண்டு. நட்போடு மட்டும் விளையாடினாலும் இந்தக் காட்சி வரும் என்பது இன்னும் அழகு.

மறுப்பைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. 2020-இல் வந்த 'ஹேடிஸ்' கேமில் நாம் பாதாள லோகத்தின் இளவரசன் ஸாக்ரியஸ். தப்பி ஓடப் பார்ப்போம், சாவோம், மறுபடி வீட்டுக் கூடத்திலேயே எழுவோம். ஒவ்வொரு முறை செத்து வரும்போதும் அங்கே இருப்பவர்களோடு இரண்டு வார்த்தை பேசலாம், தேன் புட்டி கொடுக்கலாம். மெகீராவோடும் தனடோஸோடும் காதல் உண்டு. ஒருத்தி நம்மைக் கொல்ல வாசலில் காத்திருப்பவள், மற்றவன் மரணத்தின் கடவுள், அது வேறு கதை. டூசா என்பவள் மிதக்கும் ஒரு தலை, பாம்புக் கூந்தல், வீட்டைத் தூசு தட்டும் வேலை. நம்மைப் பார்த்தாலே பதறுவாள். இது காதல்தான் என்று யாரும் நினைப்பார்கள். பரிசுகளைக் கொடுத்துக் கடைசிவரை போனால், எனக்கு அப்படி ஓர் எண்ணம் இல்லை, நண்பர்களாக இருப்போம் என்கிறாள். நாம் கொடுத்தது எல்லாமே கொடுத்ததுதான். உறவு அறுந்துபோவதும் இல்லை, நிறைவான ஒரு நட்பாக அது முடிகிறது. மற்றவர்களின் 'சரி'க்கு மதிப்பு வருவது டூசாவின் 'வேண்டா'மால்தான். எல்லோரும் சரி சொல்லும் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன விலை?

இதையொட்டி ரசிகர்களிடையே ஒரு பழைய வழக்கு உண்டு. பயோவேர் நிறுவனத்தின் 'டிராகன் ஏஜ் 2' 2011-இல் வந்தபோது, முக்கியமான நான்கு துணைப் பாத்திரங்களும் நாயகன் ஆணா பெண்ணா என்று பார்க்காமல் காதலுக்குத் தயாராக இருந்தார்கள். 2014-இல் வந்த 'இன்குவிசிஷன்' பாகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு விருப்பம் வைத்தார்கள். டோரியன் ஆண்களை மட்டும் விரும்புபவன். சேரா பெண்களை மட்டும். கசாண்ட்ரா ஆணைத்தான் விரும்புவாள். சோலஸ், எல்ஃப் என்ற கூர்காது இனப் பெண்ணைத் தவிர யாரையும் ஏற்க மாட்டான். எது சரி? முதல் முறையில் யாருக்கும் ஏமாற்றம் இல்லை. தன் பாலின விருப்பம் எதுவாக இருந்தாலும் விளையாடுபவருக்குக் கதவு திறந்திருக்கிறது, அது சின்ன விஷயமல்ல. ஆனால் டோரியனின் கதையே அவன் விருப்பத்தின் மேல்தான் நிற்கிறது. மகனை மாற்றுவதற்காக அவன் அப்பா ரத்த மாந்திரீகம் செய்யப் பார்த்தார், அதனால்தான் வீட்டை விட்டு வந்தான். அவனை எல்லோருக்கும் பொதுவாக்கினால் அந்தக் கதை செத்துவிடும். என் ஓட்டு இன்குவிசிஷனுக்கு. எதிர்த்தரப்பு வாதத்தையும் தள்ளிவிட மாட்டேன்.

அதே தொடரின் முதல் பாகத்தில், 2009-இல், அலிஸ்டர் என்பவன் வேறு விதமாக மறுக்கிறான். மனதால் இல்லை, நிலைமையால். அவன் அரச ரத்தம். அவனைக் காதலித்துக்கொண்டே அவனை அரியணையில் ஏற்றவும் நம்மால் முடியும். நம் நாயகி மனித இனப் பிரபு குடும்பத்துப் பெண்ணாக இருந்தால் ராணியாகலாம். எல்ஃபாகவோ குள்ளர் இனமாகவோ மந்திரவாதியாகவோ இருந்தால், அரசனான பிறகு அவன் பிரியவே பார்ப்பான். நாட்டுக்கு நல்லது என்று நாம் எடுத்த முடிவே நம் காதலுக்கு உலையாகிறது. கேமின் தொடக்கத்தில், பெயர் வைக்கும் நேரத்தில், விளையாட்டுப் போல எந்த இனம் என்று ஒரு பட்டனை அழுத்தியிருப்போம். பல மணி நேரம் கழித்து அது வந்து இப்படிக் கழுத்தைப் பிடிக்கும்.

சமீபத்திய பெரிய உதாரணம் லேரியன் நிறுவனத்தின் 'பால்டர்ஸ் கேட் 3'. 2023 ஆகஸ்டில் வந்தது. வெளியான புதிதில் அதில் ஒரு வேடிக்கை. பிரியத்தை அளக்கும் எல்லைகள் தவறுதலாகத் தாழ்வாக இருந்ததால், துணைப் பாத்திரங்கள் அறிமுகமான வேகத்திலேயே மேலே வந்து விழுந்தார்கள். பிறகு திருத்தினார்கள். வேகம் கொஞ்சம் பிசகினாலும் காதல் நகைச்சுவையாகிவிடும் என்பதற்கு அதுவே சாட்சி.

அந்த கேமின் கார்லக்கைத்தான் முதலில் காட்ட விரும்புகிறேன். கொம்பு வைத்த, ஆறடிக்கு மேல் வளர்ந்த, வாய் நிறையச் சிரிக்கும் போராளி. நரகத்தில் பத்து ஆண்டுகள் அடிமைப் படைவீராங்கனையாக இருந்தவள். அங்கே அவள் இதயத்தைப் பிடுங்கிவிட்டு ஓர் இயந்திரத்தை வைத்துவிட்டார்கள். அது எந்நேரமும் கனன்றுகொண்டிருக்கிறது. யாராவது தொட்டால் வெந்துபோவார்கள். ஆக, பத்து ஆண்டுகளாக அவளை ஒருவரும் தொட்டதில்லை. யாரையாவது ஒரு முறை கட்டிப்பிடிக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை, அதை மறைப்பதும் இல்லை.

இங்கே கேம் என்ற வடிவம் உள்ளே வருகிறது. அவளைத் தொட வேண்டுமானால் நரக இரும்பு என்ற ஓர் உலோகத்தைத் தேடி எடுக்க வேண்டும். அதை டாமன் என்ற கொல்லனிடம் கொடுத்து இயந்திரத்தைச் சரிசெய்ய வேண்டும். ஒரு முறை போதாது. இரண்டாவது முறைக்கு, கதையின் அடுத்த பகுதியில் அதே கொல்லனை மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். அதுவரை ஆசை இருக்கும், வார்த்தை இருக்கும், விரல் நுனி கூடப் படாது. கடைசியில் சூடு தணிந்து அவளைத் தொட முடிகிற நிமிடம் வரும்போது, அதற்காக நாமே அலைந்திருக்கிறோம் என்பதால் அது நமக்கும் சொந்தமாகிவிடுகிறது. அதே மூச்சில் டாமன் வேறொன்றைச் சொல்கிறான்: இந்த இயந்திரம் இந்த உலகத்தில் நீண்ட நாள் தாங்காது, உயிர் பிழைக்க வேண்டுமென்றால் அவள் நரகத்துக்கே திரும்ப வேண்டும். கொடுத்த கையாலேயே பறிக்கிறது கேம்.

அஸ்டாரியனின் கதை நேர் எதிர்த் திசையில் போகிறது. தானும் ரத்தக்காட்டேரியாக்கப்பட்டு, இருநூறு ஆண்டுகள் இன்னொரு ரத்தக்காட்டேரிக்கு அடிமையாக இருந்து, அவனுக்காக ஆட்களை மயக்கி அழைத்து வரும் வேலை செய்தவன். அவன்தான் எல்லோருக்கும் முன்னால் நம்மிடம் சரசம் பேசி, சுலபமாகப் படுக்கைக்கும் வருவான். மற்ற கேம்களில் இது வெற்றி. இங்கே பாதிக் கதையில் அவன் உண்மையைச் சொல்கிறான்: உன்னை மயக்கி வைத்தால் எனக்குப் பாதுகாப்பு என்று கணக்குப் போட்டேன், இப்போது நிஜமாகவே பிடித்துத் தொலைத்துவிட்டது, எனக்கு இது எப்படி என்று தெரியவில்லை. அந்த இடத்தில் அவனை அணைத்துக்கொள்ள ஒரு தேர்வு உண்டு. அதற்குப் பிறகு உடல் உறவு கொஞ்ச காலம் விலகி நிற்கிறது, காதல் நெருங்கி வருகிறது.

அதற்குச் சற்று முன்னால் வரும் ஒரு காட்சியைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அராஜ் என்ற ஒரு வியாபாரி, தன்னைக் கடித்து ரத்தம் குடிக்கும்படி அஸ்டாரியனிடம் கேட்கிறாள். அவனுக்கு விருப்பமில்லை. அவன் சம்மதித்தால், நம் பலத்தை நிரந்தரமாக இரண்டு புள்ளி உயர்த்தும் ஒரு மருந்தை நமக்குத் தருவாள். இந்த வகை கேம்களில் நிரந்தரமாக இரண்டு புள்ளி என்பது தங்கம். அவனைச் சம்மதிக்க வைக்க நம்மால் முடியும். வற்புறுத்தினால் மருந்து கிடைக்கும், உறவு அடிவாங்கும். எழுத்தாளர்கள் இங்கே உபதேசம் எதுவும் செய்யவில்லை. கேமில் நாம் ஆசைப்படும் பொருளையே எடுத்து அவன் சம்மதத்துக்கு எதிரே தராசில் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். காலகாலமாக இவனைப் பண்டமாக நடத்தியவர்கள் வரிசையில் நாமும் போய் நிற்கப் போகிறோமா என்பது அந்த ஒரு தேர்வில் இருக்கிறது.

சரி, விட்சருக்கு வருவோம். 2015-இல் வந்த மூன்றாம் பாகத்தில் கெரால்ட், யெனஃபர் என்ற இருவரும் நெடுநாள் காதலர்கள். ஆனால் முன்பொரு காலத்தில் ஒரு பூதத்திடம் கெரால்ட் கேட்ட வரம் அவர்கள் விதியைப் பிணைத்துவிட்டது. இது நிஜமான காதலா, மந்திரத்தின் வேலையா என்ற சந்தேகம் யெனஃபருக்கு உண்டு. ஸ்கெல்லிகா தீவுகளில் இன்னொரு பூதத்தைத் தேடிப் பிடித்து அந்தப் பிணைப்பை அறுக்கிறாள். மலையுச்சியில் உடைந்து கிடக்கும் ஒரு கப்பலின் மேல் இருவரும் உட்காருகிறார்கள். மந்திரம் போய்விட்டது. இப்போதும் காதல் இருக்கிறதா என்ற கேள்வி நம் கைக்கு வருகிறது. இல்லை என்றும் சொல்லலாம், சொன்னால் அங்கேயே முடிந்துவிடும். அட்டை சேர்த்த அதே கெரால்ட்தான். யெனஃபரிடமும் டிரிஸ் என்ற இன்னொருத்தியிடமும் காதல் சொல்லி வைத்துவிட்டுச் சாமர்த்தியமாக விளையாடுகிறோம் என்று நினைப்பவர்களுக்கும் அந்தப் பாகத்தில் ஒரு விருந்து வைத்திருக்கிறார்கள். இருவரும் கூட்டுச் சேர்ந்து கெரால்டைக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

இதுவரை சொன்னவற்றில் காதல் பெரும்பாலும் வசனத்தில் நடந்தது. கையால் செய்யும் வேலையிலேயே காதலை வைத்த ஒரு சின்ன கேம் உண்டு. 2018 காதலர் தினத்தன்று வெளியான 'ஃப்ளோரன்ஸ்'. மெல்பர்னைச் சேர்ந்த மவுண்டன்ஸ் குழு செய்தது. ஃப்ளோரன்ஸ் யோவுக்கு 25 வயது. சலித்துப்போன ஆபீஸ் வாழ்க்கை, போனில் அம்மா. ஒரு நாள் பூங்காவில் செல்லோ வாசிக்கும் கிரிஷைப் பார்க்கிறாள். இந்திய வம்சாவளிப் பையன்.

முதல் சந்திப்பில் இருவரும் பேசுகிறார்கள். வசனம் கிடையாது. ஃப்ளோரன்ஸ் ஒன்று சொல்ல வேண்டுமென்றால், பேச்சுக் குமிழியைத் துண்டு துண்டாகத் தருவார்கள், ஜிக்சா புதிர் போல நாம் ஒட்டிக் கொடுக்க வேண்டும். முதலில் துண்டுகள் நிறைய. என்ன பேசுவது என்று தெரியாத தடுமாற்றம் நம் விரலிலேயே இருக்கும். பழகப் பழகத் துண்டுகள் குறைகின்றன. கடைசியில் ஒரே துண்டு, வைத்தால் போதும், பேச்சு தானாக ஓடுகிறது. பிறகு ஒரு நாள் சண்டை வருகிறது. குமிழிகள் சிவப்பாகி, விளிம்புகள் கூராகின்றன. கிரிஷை விட வேகமாக ஒட்டினால் ஃப்ளோரன்ஸின் பக்கம் மேலேறும். நாமும் சட்சட்டென்று ஒட்டுவோம், ஜெயிக்கப் பார்ப்போம். எதை ஜெயித்தோம் என்பது அப்புறம்தான் உறைக்கும்.

கிரிஷ் அவள் வீட்டுக்குக் குடிவரும் அத்தியாயத்தில் அலமாரியில் அவன் சாமான்களுக்கு இடம் பண்ண வேண்டும். இடம் கொஞ்சம்தான். அவனுடைய பொருளை வைத்தால் அவளுடையது ஒன்றை எடுத்து உள்ளே போட வேண்டும். எதை எடுப்பது என்று நாம்தான் முடிவு செய்கிறோம். பிரிவு வரும்போது அதே வேலையைத் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கும். மொத்த கேமும் ஒரு மணி நேரம் கூட ஆகாது. இதில் பாயிண்டும் இல்லை, பிரிவைத் தடுக்கும் சரியான விடையும் இல்லை.

தமிழர் வீட்டுக் காதலும் கேமுக்குள் வந்தாயிற்று. கனடாவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா'வில், 1980களில் அங்கே குடியேறிய வெண்பா, பாவலன் தம்பதி வருகிறார்கள். அது காதல் கேம் இல்லை, சமையல் கேம். ஆனால் தனக்கு உடம்பு முடியாத காலையிலும், வேலைக்குக் கிளம்பும் கணவனுக்காக அவள் இட்லி ஊற்றுகிறாள். அம்மா எழுதிக் கொடுத்த சமையல் நோட்டில் பக்கங்கள் அழிந்துபோயிருக்க, இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று நாம் மண்டையை உடைத்துக் கொள்கிறோம். கல்யாணத்துக்குப் பிந்தைய பிரியத்தை எழுதத் தெரியாத கேம்களைப் பற்றி மேலே புலம்பினேனே, அவர்கள் இதைப் பார்க்கலாம். அதே ஆண்டு வந்த 'தர்ஸ்டி சூட்டர்ஸ்' அதற்கு நேர் எதிரான கலாட்டா. ஜாலா என்ற தெற்காசியப் பெண் சொந்த ஊருக்குத் திரும்பி வந்து, தான் கைவிட்ட பழைய காதலர்களோடு ஒவ்வொருவராக மோத வேண்டும். சீண்டுவதும் சரசமாடுவதும்தான் அங்கே ஆயுதங்கள். போதாக்குறைக்குப் பாட்டி மாப்பிள்ளைகளை வேறு அனுப்பிக்கொண்டே இருக்கிறார். அவர் பெயரே கேமில் 'பாட்டி'தான்.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால் ஃப்ளோரன்ஸ். போனிலேயே ஓடும், ஒரு பஸ் பயணத்தில் முடித்துவிடலாம். அதன் பிறகு ஹேடிஸோ ஸ்டார்ட்யூ வேலியோ. மாஸ் எஃபெக்டை மூன்று பாகங்களையும் வரிசையாக விளையாடினால்தான் பலன், நடுவில் குதிக்க வேண்டாம். முந்தைய பாகத்தில் நாம் விளையாடியதைச் சேமித்து வைத்த சேவ் ஃபைல் அடுத்த பாகத்துக்கும் கூட வரும். பால்டர்ஸ் கேட் 3-க்கு நல்ல கம்ப்யூட்டரும் நூறு மணி நேரமும் வேண்டும். அதில் நிர்வாணக் காட்சிகள் உண்டு, அவற்றை மறைத்து வைக்க செட்டிங்கில் வழியும் இருக்கிறது. ஹாலில் இருக்கும் டிவியில் போட்டு விளையாடுபவர்கள் முதலில் அதைத் தேடிப் பிடித்து அணைத்துவிட்டு உட்காருவது நல்லது.